தோல் மடல் ஆறுவதற்கு பி.ஆர்.பி: நோயாளிகளும் வீட்டாரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஃபிளாப் (தோல் மடல்) வைத்த இடம் சீக்கிரம் ஆற, நோயாளியின் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த பிளாஸ்மாவை, அதாவது பி.ஆர்.பி.யை, ஊசியாகப் போடலாமா என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். பெரும்பாலும் ஆபரேஷனுக்கு முந்தைய நாள், கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு கேட்பார்கள். அங்கே விளக்கிச் சொல்ல நேரம் போதாது. அதனால் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஃபிளாப் என்கிறார்கள், ஸ்கின் கிராஃப்ட் என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. பி.ஆர்.பி பற்றிப் பேசுவதற்கு முன் இந்த வித்தியாசம் புரிய வேண்டும்.

ஸ்கின் கிராஃப்ட் என்றால் ஒரு இடத்திலிருந்து தோலை மட்டும் மெல்லிசாகச் சீவி எடுத்து, காயத்தின் மேல் ஒட்டுவது. எடுத்த நொடியில் அதற்கு ரத்த ஓட்டம் கிடையாது. முதல் ஒன்றிரண்டு நாள் காயத்திலிருந்து ஊறும் நீரை உறிஞ்சித்தான் உயிர் பிழைத்திருக்கும். அப்புறம் அடியில் இருக்கும் சிறு குழாய்கள் அதற்குள் இணைந்து ரத்தம் வரும்.

ஃபிளாப், அதாவது தோல் மடல், தன் ரத்தக் குழாயோடு சேர்ந்து நகர்வது. தோல், அதன் அடிக் கொழுப்பு, சில நேரம் தசைகூட ஒன்றாக வரும். காம்பு எனப்படும் ஒரு பக்கம் உடலோடு ஒட்டிக்கொண்டிருக்க, மறுபக்கத்தைத் திருப்பிக் காயத்தின் மேல் வைத்துத் தைப்பார்கள். செடிக்குப் பதியன் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கிளையைத் தாய்ச் செடியிலிருந்து வெட்டாமல், வளைத்து மண்ணில் புதைத்து, வேர் பிடித்த பிறகுதான் வெட்டுவோம். நெற்றித் தோலைக் கொண்டு மூக்கைச் சரிசெய்யும் ஃபிளாப்பில் இதேதான் நடக்கிறது. பொதுவாக 3 வாரம் கழித்து, புது இடத்திலிருந்து ரத்தம் கிடைக்கத் தொடங்கியதும், பழைய காம்பை வெட்டிவிடுவார்கள். சில ஆபரேஷன்களில் காம்பை முழுதாக வெட்டி, வேறு இடத்து ரத்தக் குழாயோடு மைக்ரோஸ்கோப் வைத்துத் தைப்பதும் உண்டு. அதற்கு ஃப்ரீ ஃபிளாப் என்று பெயர்.

ஃபிளாப்பின் நுனி ஏன் சிலருக்குக் கறுத்துப் போகிறது?

நுனிதான் காம்பிலிருந்து தூரம். கால்வாயின் கடைமடை வயல் மாதிரி. தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது அதுதான்.

எல்லா மடலும் ஒரே மாதிரி இல்லை. சில மடல்களின் நடுவே பெயர் தெரிந்த ஒரு ரத்தக் குழாய் நீளமாக ஓடும். சர்ஜன்கள் மெக்ரெகரும் ஜாக்சனும் 1972-ல் விவரித்த தொடை இடுக்கு மடல் அப்படிப்பட்டது. இவற்றை நீளமாக எடுத்தாலும் தாங்கும். மற்ற சில மடல்கள் தோலுக்கு அடியில் வலைபோலப் பின்னிய மெல்லிய குழாய்களை மட்டுமே நம்பி இருக்கும். நுனி போவது பெரும்பாலும் இவற்றில்தான். அடிப்பாகத்தை அகலமாக வைத்தால் மடல் நீளத்தைத் தாங்கும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். மில்டன் என்ற சர்ஜன் 1970-ல் பன்றிகளில் செய்து பார்த்து, அகலத்தைக் கூட்டுவதால் மட்டும் நுனி பிழைக்காது, உள்ளே எந்தக் குழாய் வருகிறது என்பதே முக்கியம் என்று காட்டினார். பி.ஆர்.பி ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்த வலை மடல்களின் நுனியைக் காப்பாற்றத்தான் நடக்கிறது.

பி.ஆர்.பி என்றால் சரியாக என்ன?

பிளேட்லெட், அதாவது தட்டணு, செறிவாக உள்ள பிளாஸ்மா. உங்கள் ரத்தம்தான். வெளியிலிருந்து சேர்வது, உறையாமல் இருக்கவோ இறுகவோ கலக்கும் பொருள் மட்டுமே.

கையிலிருந்து 20 முதல் 60 மில்லி ரத்தம் எடுப்பார்கள். உறையாமல் இருக்க சிட்ரேட் கலந்த குழாயில் எடுத்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றவிடுவார்கள். சுற்றி முடித்துக் குழாயை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் மூன்று அடுக்கு தெரியும். அடியில் அடர் சிவப்பு, அது சிவப்பணு. மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த பிளாஸ்மா. இரண்டுக்கும் நடுவில், நகக்கண் அளவுகூட இல்லாத ஒரு வெளிறிய கோடு. வெள்ளையணுக்கள் அங்கேதான் இருக்கும். தட்டணுக்கள் அந்தக் கோட்டிலும் அதற்குச் சற்று மேலேயும் திரண்டிருக்கும். குழாயைக் கொஞ்சம் ஆட்டினாலும் அடுக்கு கலங்கிவிடும். அதனால்தான் அதை எடுப்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உறிஞ்சுவார்.

வழக்கமாக இரண்டு முறை சுற்றுவார்கள். முதலில் மென்மையாக, சிவப்பணுவைப் பிரிக்க. அப்புறம் வேகமாக, தட்டணுவைத் திரட்ட. கடைசியில் கையில் மிஞ்சுவது சில மில்லிதான்.

இந்தச் சில மில்லி என்ன வேலை செய்யும்?

தட்டணு என்றாலே ரத்தம் உறைவது மட்டும்தான் நமக்கு நினைவுக்கு வரும். ஆனால் அதன் உள்ளே சின்னச் சின்னப் பைகள் இருக்கின்றன. காயம் பட்டதும் அவை வெடித்து, வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் புரதங்களைக் கொட்டும். ஒன்று, புது ரத்தக் குழாய் முளைக்கத் தூண்டும். ஒன்று, தோலின் மேற்பரப்புச் செல்களைப் பெருகச் செய்யும். இன்னொன்று, நார்ச்செல்களை வரவழைத்துக் கொலாஜன் கட்டச் சொல்லும். பெரும்பகுதி முதல் 1 மணி நேரத்துக்குள்ளேயே வெளியே வந்துவிடும். மீதி சில நாள் கசியும். கூடவே பிளாஸ்மாவில் இருக்கும் ஃபைப்ரினோஜன் என்ற உறைபுரதம் வலைபோல இறுகி, மடலையும் அதன் அடிப்பரப்பையும் லேசாக ஒட்டிப்பிடிக்கும். இதனால் அடியில் நீரும் ரத்தமும் தேங்க இடம் குறையும். என்னைக் கேட்டால், இந்த ஒட்டும் வேலைக்கு வளர்ச்சிக் காரணிகளைவிடக் குறைவான பெயர்தான் கிடைத்திருக்கிறது. ஆனால் மடலுக்கு அதுவும் பெரிய உதவி.

டெங்குவில் பிளேட்லெட் ஏற்றுவார்களே, அதுவா இது?

அணு ஒன்றுதான், சிகிச்சை வேறு. அங்கே இன்னொருவர் தானம் கொடுத்த தட்டணு, ரத்தக் குழாய் வழியாக உடல் முழுவதற்கும் போகிறது. இங்கே உங்களுடைய தட்டணு, மடல் இருக்கும் இடத்தில் மட்டும். தட்டணு எண்ணிக்கை குறைவாக இருப்பவருக்கு பி.ஆர்.பி எடுக்கவே மாட்டார்கள்.

இது வேலை செய்கிறது என்று நிரூபணமாகியிருக்கிறதா?

நேராகச் சொல்கிறேன். எலியில் ஓரளவு ஆகியிருக்கிறது. மனிதரில் இன்னும் உறுதியாக ஆகவில்லை.

எலியின் முதுகில் நீள்செவ்வகமாக ஒரு தோல் மடலைத் தூக்கித் திரும்பத் தைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து எவ்வளவு பிழைத்தது, எவ்வளவு கறுத்தது என்று அளப்பது பழைய முறை. மெக்ஃபார்லேன் 1965-ல் கொண்டுவந்தது. இந்த மடலில் பி.ஆர்.பி போட்டுப் பார்த்த பல ஆய்வுகளில், போடாத எலிகளைவிடக் கறுத்த பகுதி குறைந்திருக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் சிறு ரத்தக் குழாய்கள் அதிகமாகவும் தெரிந்திருக்கின்றன. நம்பிக்கை தரும் சேதிதான்.

ஆனால் மூன்று விஷயத்தை மறக்கக் கூடாது. எலியின் தோல் நம் தோல் மாதிரி இல்லை. அது தளர்வானது, அடியில் ஒரு மெல்லிய தசை விரிப்பு உண்டு, காயத்தை இழுத்துச் சுருக்கியே மூடிக்கொள்ளும். இரண்டாவது, ஒரு எலியின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே 15 முதல் 20 மில்லி. தன் ரத்தத்திலிருந்து பி.ஆர்.பி எடுக்க அதனிடம் ரத்தம் ஏது? அதனால் பல ஆய்வுகளில் வேறு எலியின் ரத்தத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். உங்களுக்குப் போடப்போவது உங்கள் ரத்தம். மூன்றாவது, ஒவ்வொரு ஆய்வுக்கூடமும் வேறு வேகத்தில் சுற்றி, வேறு அளவில் போட்டிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்க முடியவில்லை.

மனிதரில் இதற்குப் பக்கத்துச் சான்று எது என்றால், ஆறாத நாள்பட்ட புண். பத்து ஆய்வுகளில் பங்கேற்ற 442 பேரின் முடிவுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016-ல் தொகுத்தது. சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணில் பி.ஆர்.பி உதவக்கூடும், ஆனால் ஆதாரத்தின் தரம் குறைவு, மற்ற வகைப் புண்களில் தெளிவாகச் சொல்ல முடியாது என்றார்கள். புண் வேறு, மடல் வேறு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மடலில் மனிதர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் சின்னவை. வீக்கம் குறைவது, தையல் ஓரம் சீக்கிரம் சேர்வது போன்ற லாபங்கள் சிலவற்றில் தெரிகின்றன. ‘மடலைக் காப்பாற்றும்’ என்று யாராவது உறுதி கொடுத்தால், அந்த உறுதிக்குப் பின்னால் இன்றைக்கு ஆதாரம் இல்லை.

எப்போது போடுவார்கள், எங்கே போடுவார்கள்?

பெரும்பாலும் ஆபரேஷன் மேஜையிலேயே. மடலைத் தைத்து மூடுவதற்கு முன், அது உட்காரப்போகும் பரப்பில் தெளிப்பார்கள். அல்லது நுனிப் பகுதியில் பல இடங்களில் சிறு ஊசியாகப் போடுவார்கள். தெளிப்பதாக இருந்தால் கால்சியம் குளோரைடு கலப்பார்கள். சில நிமிடத்தில் ஜெல்லி மாதிரி இறுகும்.

இன்னொரு யோசனையும் ஆய்வில் இருக்கிறது: ஆபரேஷனுக்குச் சில நாள் முன்னதாகவே, மடலாக எடுக்கப்போகும் தோலில் போட்டுவைப்பது. இதற்கு ஒரு நியாயம் உண்டு. புது ரத்தக் குழாய் முளைக்க நாட்கள் ஆகும். நுனி பிழைக்குமா போகுமா என்பதோ முதல் ஓரிரு நாளிலேயே கிட்டத்தட்ட முடிவாகிவிடும். வீடு எரியும்போது கிணறு வெட்டினால் ஆகாது, முன்பே வெட்டியிருக்க வேண்டும். சர்ஜன்கள் வெகுகாலமாகச் செய்யும் ‘டிலே’ என்ற முறையின் தத்துவமும் இதுதான். முதலில் மடலின் ஓரங்களை மட்டும் கீறிவிட்டு, ஒன்றிரண்டு வாரம் காத்திருப்பார்கள். பற்றாக்குறைக்குப் பழகி, உள்ளே அடைந்து கிடந்த குழாய்கள் விரியும். அப்புறம் மடலைத் தூக்குவார்கள். இந்த முறைக்குப் பல பத்தாண்டு அனுபவம் இருக்கிறது. நீளமான மடலின் நுனி பற்றிக் கவலை இருந்தால், பி.ஆர்.பி.யைவிட இதைத்தான் நான் முதலில் நம்புவேன்.

தட்டணு எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லதா?

அப்படித் தோன்றும், ஆனால் இல்லை. ஆரோக்கியமானவரின் ரத்தத்தில் 1 மைக்ரோ லிட்டருக்கு 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் தட்டணு இருக்கும். பி.ஆர்.பி.யில் சுமார் 10 லட்சம் இருந்தால் நல்லது என்பது தாடை எலும்பு சிகிச்சையிலிருந்து வந்த ஒரு கணக்கு. பலரும் அதையே பின்பற்றுகிறார்கள். அளவுக்கு மிஞ்சிப் போனால் செல்கள் பெருகுவது குறையலாம் என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியிருக்கின்றன.

வெள்ளையணு சேரலாமா என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. கிருமியை எதிர்க்கும் என்பது ஒரு கட்சி. ஏற்கெனவே ரத்தம் போதாமல் திணறும் திசுவில் அழற்சியைக் கூட்டும் என்பது மறு கட்சி. மடலைப் பொறுத்தவரை இரண்டாவது பேச்சில் நியாயம் அதிகம் என்று நினைக்கிறேன். சிவப்பணு கலக்கக் கூடாது என்பதில் யாருக்கும் வேறு கருத்து இல்லை.

அம்மாவுக்கு நேற்றுதான் ஃபிளாப் வைத்தார்கள். இன்று நிறம் மாறுகிறது. பி.ஆர்.பி போடச் சொல்லிக் கேட்கலாமா?

வேண்டாம். உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள், டாக்டரை வரவழைக்கச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இது நிற்கட்டும்.

டாக்டர் வந்ததும் என்ன செய்வார் என்று பாருங்கள். விரல் நுனியால் மடலை லேசாக அழுத்தி எடுப்பார். அழுத்திய இடம் வெளுத்து, ஓரிரு நொடியில் மறுபடி சிவக்க வேண்டும். வெளுத்தது வெளுத்தபடியே நின்று, மடல் குளிர்ந்தும் தொளதொளவென்றும் இருந்தால், உள்ளே வரும் ரத்தம் நின்றிருக்கிறது. மாறாக, மடல் ஊதி, நாவல் பழ நிறத்துக்கு மாறி, அழுத்தி எடுத்ததுமே சட்டென்று நிறம் திரும்பினால், வந்த ரத்தம் வெளியேற வழியில்லாமல் தேங்கி நிற்கிறது. ஊசியால் ஒரு குத்துக் குத்திப் பார்ப்பதும் உண்டு. பளிச்சென்ற சிவப்பு ரத்தம் மெதுவாக எட்டிப் பார்த்தால் எல்லோருக்கும் நிம்மதி. கருஞ்சிவப்பாக வேகமாக வழிந்தால் சிரை (ரத்தம் வெளியேறும் குழாய்) அடைப்பு. எதுவுமே வரவில்லை என்றால் தமனி (ரத்தம் உள்ளே வரும் குழாய்) அடைப்பு.

காரணம் இறுக்கமான தையலாக இருக்கலாம், அடியில் சேர்ந்த ரத்தக் கட்டாக இருக்கலாம், காம்பு முறுக்கிக்கொண்டிருக்கலாம், குழாய்க்குள் உறைகட்டி இருக்கலாம். தையலைத் தளர்த்துவது, கட்டை வெளியேற்றுவது, தேவைப்பட்டால் மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோவது, இவைதான் மருந்து. ரத்தம் தேங்கிய மடலில் அதை உறிஞ்ச அட்டைப் பூச்சியை விடுவதுகூட இன்றும் நடக்கும் சிகிச்சை, அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2004-ல் அதற்கு அனுமதி கொடுத்தது. மடித்துப்போன குழாயை எந்த வளர்ச்சிக் காரணியும் நிமிர்த்தாது. பி.ஆர்.பி.க்கு ஏற்பாடு செய்யும் ஒரு மணி நேரம், மடலைக் காப்பாற்றக் கிடைத்த ஒரு மணி நேரமாக இருந்திருக்கலாம். ஃப்ரீ ஃபிளாப்பில் முதல் 2 அல்லது 3 நாள் இரவும் பகலும் மணிக்கணக்கு வைத்துப் பார்ப்பது இதனால்தான்.

யாருக்கு இது கூடாது?

தட்டணு குறைவாக உள்ளவர்கள், தட்டணு சரியாக வேலை செய்யாத நோய் உள்ளவர்கள், ரத்தத்தில் கிருமி பரவியவர்கள், போட வேண்டிய இடத்திலேயே சீழ் இருப்பவர்கள்.

புற்றுநோய் கட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தை மூட ஃபிளாப் வைப்பவர்கள் தனியாகப் பேச வேண்டிய கூட்டம். செல்லைப் பெருகச் சொல்லும் காரணி, மிச்சம் மீதி இருக்கும் புற்றுச் செல்லுக்கும் அதையே சொல்லிவிடுமோ என்ற கவலை இருக்கிறது. அப்படி நடக்கிறது என்று நிரூபணமாகவில்லை. இருந்தாலும் நிச்சயமில்லாத லாபத்துக்காக அந்த இடத்தில் இதைப் போடாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. முடிவைப் புற்றுநோய் டாக்டரும் சேர்ந்து எடுக்க வேண்டும்.

ஆஸ்பிரின் சாப்பிடுகிறேன். நிறுத்த வேண்டுமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆஸ்பிரின் தட்டணுவின் வேலையை அது வாழும் காலம் முழுக்க, அதாவது 7 முதல் 10 நாள் வரை, மந்தமாக்கும் என்பது உண்மை. பி.ஆர்.பி போடுபவர்கள் நிறுத்தச் சொல்வதும் அதனால்தான். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அதோடு, ஃப்ரீ ஃபிளாப் வைத்த பலருக்கு, குழாயில் உறையாமல் இருக்க ஆஸ்பிரினை டாக்டர்களே கொடுப்பார்கள். அங்கே ஆஸ்பிரினா பி.ஆர்.பி.யா என்று வந்தால் ஆஸ்பிரின்தான்.

என் ரத்தம்தானே, பக்கவிளைவு என்ன வந்துவிடப் போகிறது?

ஊசி போட்ட இடத்தில் வலி, வீக்கம், கன்றிப்போவது, இவை இருக்கும், தானே சரியாகும். ஒவ்வாமை அரிது. ஆபத்து உங்கள் ரத்தத்தில் இல்லை, அதைக் கையாளும் கையில் இருக்கிறது. 2018-ல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், உரிமம் இல்லாத ஓர் அழகு நிலையத்தில் இதே முறையில் முகத்துக்கு ஊசி போட்டுக்கொண்ட சிலருக்கு எச்.ஐ.வி தொற்றியது வெளியே வந்தது. குழாயில் பெயர் எழுதாமல் வைப்பது, ஒருமுறை பயன்படுத்த வேண்டியதைத் திரும்பப் பயன்படுத்துவது போன்ற அலட்சியம் அங்கே விசாரணையில் தெரிந்தது. எனவே உங்கள் கண் முன்னால் புதுக் குழாயைப் பிரிக்கிறார்களா, உங்கள் பெயரை ஒட்டுகிறார்களா என்று பாருங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பி.ஆர்.எஃப் என்று இன்னொன்று சொல்கிறார்களே?

அது தட்டணு செறிந்த ஃபைப்ரின், அதாவது உறைந்த புரத வலை. அதற்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் எதையும் கலக்க மாட்டார்கள். ஒரே முறை சுற்றினால் குழாயிலேயே ஃபைப்ரின் கட்டியாக வந்துவிடும். 2001-ல் பிரான்சில் ஷூக்ரூன் என்ற டாக்டர் கொண்டுவந்தார். மெதுவாகக் கசியும் என்பது அதன் பலம். இப்படிக் கட்டியாக வருவதை ஊசியாகப் போட முடியாது, விரிப்பாக வைக்கலாம்.

டாக்டர் பி.ஆர்.பி போடலாம் என்கிறார். நான் என்ன கேட்க வேண்டும்?

என் மடலில் எந்த இடம் ஆபத்தில் இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? இதைப் போடாவிட்டால் வேறு என்ன செய்வீர்கள்? இதனால் ஆபரேஷன் நேரம் எவ்வளவு கூடும்? இந்த மூன்று போதும். முதல் கேள்விக்கே கையால் தொட்டு, ‘இதோ, இந்த நுனி’ என்று காட்டிப் பதில் சொல்பவர் யோசித்துத்தான் சொல்கிறார்.

எங்கள் ஆஸ்பத்திரியில் இது இல்லை. அப்பாவுக்கு நாங்கள் ஏதோ குறை வைத்துவிட்டோமா?

இல்லை. மனசில் அந்தப் பாரத்தை ஏற்றிக்கொள்ளாதீர்கள். பி.ஆர்.பி வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே மடல்கள் நன்றாக ஆறிக்கொண்டுதான் இருக்கின்றன. உங்கள் கையில் இருக்கும் காரியங்கள் அதைவிடப் பெரியவை. முதலில் சிகரெட். முகத்தோல் இழுப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்களை வைத்து 1984-ல் ரீஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், புகைப்பவர்களுக்குத் தோல் செத்துப்போகும் ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் 12 மடங்கு இருந்தது. எந்தப் பிளாஸ்மாவும் இந்த அளவுக்கு ஈடுகட்டாது. ஆபரேஷனுக்கு 4 வாரம் முன்பே நிறுத்த வேண்டும், ஆறி முடியும்வரை தொடக் கூடாது. நிக்கோடின் மெல்லுவதும் கணக்கில் வரும் என்பதால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் புகைப்பதும் வேண்டாம்.

சர்க்கரை அளவு கட்டுக்குள் இருக்கட்டும். புரதம் குறையாமல் சாப்பிடட்டும். காலில் மடல் என்றால் சொன்ன உயரத்துக்குக் காலைத் தூக்கி வைத்திருக்க வேண்டும், கீழே தொங்கவிட எப்போது ஆரம்பிப்பது என்பதை டாக்டர் சொல்வார். கட்டு இறுக்கமாக இருந்தாலோ, தூக்கத்தில் மடலின் காம்பின் மேல் புரண்டு படுத்தாலோ ரத்தம் நிற்கும். இரவில் அப்பா புரளும்போது யாராவது ஒருவர் எழுந்து, டார்ச் அடித்து, தலையணை நகராமல் இருக்கிறதா என்று பாருங்கள்.